மறதிக்கு எத்தனை மணித்தியாலம்

நான் சொன்னால் அது நடந்துவிடும். ஒருமுறை நடந்திருக்கிறது. இவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி நெருக்கமாட்டாள்.

சந்திரவதனா இதை நினைத்துக்கொண்டே சேலையின் கொய்யகத்தை மடித்தாள். விரல்களுக்குப் பிடிமானம் இல்லை. மூன்றாம் தரமும் மடிப்பு நழுவியது. அறை வாசலில் வந்து நின்ற மகள் பிரதீபா தலையில் கை வைத்தாள்.

“அம்மா, ஆர் உங்களைச் சேலை உடுக்கச் சொன்னது? வீட்டிலை போடுற அந்தப் பழைய சோட்டியைப் போடுங்கோ. தலையும் வாரி இழுக்க வேண்டாம்.”

“வீட்டுக்கு ஒரு ஆள் வருது. சோட்டியோடையே இருக்கிறது?”

“வாறவ விருந்துக்கு வரேல்லை. உங்களுக்கு என்னென்ன ஏலாதெண்டு பாக்க வாறா.”

திட்டிக்கொண்டே, குனிந்து கொய்யகத்தைச் சரிசெய்து செருகியும் விட்டாள்.

டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் பதினாலாம் மாடி அது. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம், அரசாங்கத்தின் பராமரிப்புப் பெண் ஒருத்தி வந்து போகிறாள். அவ்வளவு நேரம் காணாது. பிரதீபாவுக்கு விமான நிலையப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மத்தியானம் தொடங்கும் பின்னேர வேலை. அம்மாவைப் பார்க்கவென்று எடுத்த லீவுகளுக்காக சுப்பவைசர் கடைசி எச்சரிக்கையும் கொடுத்துவிட்டான். மணித்தியாலம் கூடாவிட்டால் வேலை போகும், அல்லது அம்மா முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டும். இரண்டாவதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இல்லத்தின் விண்ணப்பப் படிவம் மட்டும் பிரிஜ்ஜுக்கு மேல் ஒரு மாதமாகக் கிடந்தது.

கை கால் ஏலாதென்றால் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள், மறதி என்றால் அள்ளித் தருவார்கள் என்பது அந்தக் கட்டிடத்துக் கதை. ஒன்பதாம் மாடி ஸ்ரீஸ்கந்தராசா, மதிப்பிட வந்தவர்களுக்கு முன்னால் மறதிபோல நடித்து, சொந்த மனைவியைப் பள்ளிக்கூட ‘ரீச்சர்’ என்று கூப்பிட்டார். கேள்விப்பட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன மாதம் லிப்டுக்குள் சந்திரவதனா அவரைக் கண்டாள். எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் நின்றுகொண்டிருந்தார். “நான் எந்த மாடிக்குப் போகவேணும், ரீச்சர்?” என்று அவளிடம் கேட்டார்.

“நேற்றுச் சொல்லித் தந்தது ஞாபகம் இருக்கோ?” என்றாள் பிரதீபா.

“மறக்கச் சொல்லித் தந்ததை மறக்காமல் இருக்கோணும், என்ன?”

பிரதீபாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “பகிடி விடாதேங்கோ அம்மா. என்னைக் காட்டி ஆரெண்டு கேட்டா, தங்கச்சி எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன், அகதி விசாரணை அறையின் வாசலில் மொழிபெயர்ப்பாளரும் அப்படித்தான் சொன்னார். “தம்பி உயிரோடை இருக்கிறார் எண்டா கேஸ் நிக்காது. செத்துப்போனார் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்.” தம்பி பத்மநாதன் அப்போது யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடித் திரிந்தான். முந்தின கிழமைதான் கடிதம் வந்திருந்தது. பக்கத்துக் கதிரையில் ஏழு வயதுப் பிரதீபா காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே சந்திரவதனா சொன்னாள். அழவும் செய்தாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து நாலாம் மாதம், கடல்நீரேரியைக் கடக்கப் படகேறிய பத்மநாதன் அக்கரை போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு அவள் மாறிய வீடுகளுக்கெல்லாம் அவனும் வந்தான். கண்ணில் படுவதில்லை. யாராவது எதையாவது எழுதும்போது மட்டும், உப்புநீரில் ஊறிய, அவன் உடுத்தும் சாறத்துணியின் மணம் வரும். பிரதீபாவின் பள்ளிக்கூடப் படிவத்துக்கு வந்தது. கணவரின் மரணப் பதிவுக்கும் வந்தது. மணத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

பத்து மணிக்கு எமில்டா வந்தாள். மன்னார்ப் பக்கத்துப் பெண். பராமரிப்பு மணித்தியாலங்களை மதிப்பிடுவது அவள் வேலை. சப்பாத்தைக் கழற்றும்போதே சிரித்தாள்.

“அன்ரி சேலை உடுத்து வடிவா வெளிக்கிட்டிருக்கிறியள். கலியாணவீடோ?”

“இருங்கோ பிள்ளை, ஒரு தேத்தண்ணி…” என்று எழும்பப்போன அம்மாவின் முழங்காலைப் பிரதீபா அமத்திப் பிடித்தாள். “அம்மா அடுப்புப் பக்கம் போறேல்லை மிஸ்.”

எமில்டா மடிக்கணினியைத் திறந்தாள். “குளிக்கிறது எப்பிடி அன்ரி? தனியவோ?”

மணம் வந்தது. யன்னலோரத்து வெறுங்கதிரையிலிருந்து வந்தது.

நடக்காததைச் சொல்லத்தானே பயம் என்று சந்திரவதனாவுக்குத் தோன்றியது. நடந்து முடிந்ததைச் சொன்னால் என்ன? அது இனி எங்கிருந்து வரப்போகிறது?

“போன மாசம் பாத்ரூமுக்கை விழுந்தனான்,” என்றாள். “இவள் வேலைக்குப் போன கையோடை. எழும்ப ஏலேல்லை. பள்ளிக்கூடம் விட்டு மேல்வீட்டுப் பிள்ளையள் ஓடுற சத்தம் கேக்குமட்டும் நிலத்திலைதான் கிடந்தனான். அடக்க ஏலாமல் சலமும் அதிலையே போயிட்டுது. பிறகு தொட்டியைப் பிடிச்சு எழும்பி, எல்லாத்தையும் கழுவிவிட்டனான்.”

“அம்மா!” பிரதீபா திரும்பினாள். “ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீ வேலையை விட்டிடுவாய்.”

எமில்டா அதைப் பதிந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள். பொத்தான் பூட்ட ஏலாது. தண்ணீர்க் கேத்தில் தூக்கினால் கை நடுங்கும். கொய்யகத்தை இன்றைக்கு மகள்தான் பிடித்துவிட்டாள். அந்நிய ஆள் முன்னால் உடுப்பைக் கழற்றி வைப்பதுபோல இருந்தது சந்திரவதனாவுக்கு. ஆனால் எல்லாம் உண்மை.

“இனி ஞாபகம். ஆக்களை அடையாளம் தெரியுதோ அன்ரி?”

பிரதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்தினாள். விழுந்த கதையைக் கேட்ட பிறகு அவளுக்கு அவசரம் கூடியிருந்தது. “அதுதான் மிஸ் பெரிய பிரச்சினை. நேற்று என்னையே ஆரெண்டு கேட்டவ. சொல்லுங்கோ அம்மா, கேட்டனீங்கள்தானே?”

“அன்ரியே சொல்லட்டும்,” என்றாள் எமில்டா. “நேற்று அப்பிடிக் கேட்டனீங்களோ? இவ ஆர்?”

அவளுடைய விரல்கள் எழுத்துகளின் மேல் காத்திருந்தன. மணம் மூக்கை அடைத்தது. கதிரையில் இருப்பவன் முன்னால் சாய்ந்து காது கொடுப்பதுபோல இருந்தது. அவனும் இந்தப் பதிலுக்குத்தான் இத்தனை வருடம் கூடவே வந்தவன்போல.

சந்திரவதனா மகளைப் பார்த்தாள். காதோரம் இந்த வயதிலேயே நரை. நெற்றியில் வேலைத்தலத்துத் தொப்பி அழுத்திய கோடு. அவளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டின. பசித்த பிள்ளையின் வாய்போல இருந்தது அது. ஒரே ஒரு சொல். எழுதிவிட்டால், இவளும் ஒருநாள் தன் ஞாபகத்திலிருந்து படகேறிப் போய்விடுவாள்.

முழங்காலில் இருந்த மகளின் கையை எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“இல்லைப் பிள்ளை,” என்றாள் எமில்டாவிடம். “நான் அப்பிடிக் கேக்கேல்லை. இவள் என்ர மகள். பிரதீபா எண்டே எழுதுங்கோ.”