அடுப்பில் மூன்று பொட்டு

சட்டப்படி நான் பார்வையற்றவன். சட்டத்துக்குத் தெரியாமல் கொஞ்சம் தெரியும். உறிஞ்சுகுழல் வழியாகப் பார்த்தால் எவ்வளவோ, அவ்வளவு. அந்தக் கொஞ்சம்தான் எனக்கு எமன். போன மாதம் தீ எரிகிறதா என்று குனிந்து பார்த்து இடது புருவத்தைப் பறிகொடுத்தேன்.

"போதும்டா உன் தனிக்குடித்தனம். மூட்டையைக் கட்டு," என்றாள் அக்கா.

அவள் வீட்டுப் பின்னறை எனக்காகக் காத்திருந்தது. அங்கே போனால் ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்: பார்வையற்றோர் உதவி மையத்துப் பயிற்சியாளர் என்னைச் சோதித்து, தனியாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் தப்பித்தேன்.

அந்த அம்மா மூன்று வாரம் வந்தார். அடுப்புத் திருகைச் சுற்றி மூன்று ரப்பர் பொட்டு ஒட்டினார்: அணைக்க ஒன்று, சிறு தீக்கு ஒன்று, பெரும் தீக்கு ஒன்று. விரல் தடவினால் போதும். முகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

சோதனை நாளன்று அக்கா விடியும்போதே வந்து வீட்டைத் தேய்த்துத் தள்ளினாள். "வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

பத்து மணிக்குப் பயிற்சியாளர் படிவத்தோடு உட்கார்ந்தார். "ஒரு டீ போடுங்க சார். நான் வாயே திறக்க மாட்டேன்."

பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். திருகைச் சுற்றித் தடவினேன். வழவழவென்று இருந்தது. மறுபடி தடவினேன்.

"மேடம், இது என் அடுப்பு இல்ல."

"உங்க அடுப்புதான் சார்."

"அப்ப யாரோ இதுக்குச் சவரம் பண்ணிவிட்டிருக்காங்க."

குத்துமதிப்பாகத் திருகிவிடலாம் என்று கை துடித்தது. சும்மா ஒரு தடவை குனிந்து பார் என்றது கண். மிச்சமிருந்த வலது புருவத்தை நினைத்துக்கொண்டு கையை எடுத்தேன்.

"பொட்டைக் காணோம். பத்த வைக்க மாட்டேன்," என்றேன். அக்கா வீட்டுப் பின்னறையின் வாசனை அடித்தது.

கூடத்திலிருந்து அக்கா குரல்: "அந்தப் பிசுக்கா? காலையில கத்தியால சுரண்டித்தான் எடுத்தேன். அப்பப்பா, என்னமா ஒட்டிக்கிட்டிருந்துச்சு!"

பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு பயிற்சியாளர் படிவத்தை வாசித்துக் காட்டினார். "ஆபத்து தெரிந்ததும் நிறுத்தினார். தனியாக வசிக்கலாம். வீட்டில் உள்ள ஆபத்துகள்: ஒன்று."

"எது?" என்று பதறிக்கொண்டு வந்தாள் அக்கா.

"நீங்கதாம்மா."

அவர் பையிலிருந்து புதிய பொட்டுகள் வந்தன. நானே ஒட்டினேன், நானே டீ போட்டேன். அக்கா குடித்து முடித்தாள். தம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது. அதை வைக்கும் சத்தம் மட்டும் வரவில்லை.

"டேய்," என்றாள் கடைசியில். "இதை எங்க வைக்கட்டும்?"

பிறந்ததிலிருந்து அக்கா என் விருப்பத்தைக் கேட்ட முதல் கேள்வி அது. இடத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.