தொண்டை எழுத்து

வேட்டிக் கரையைப் பல்லால் கடித்து நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்று வியாழக்கிழமை என்பது பேச்சிக்கு நினைவு வந்தது.

கை நிற்கவில்லை. கிழிந்த துணியைக் கணவனின் தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு காதோரமாகவும் மேலே கொண்டுவந்து உச்சியில் முடிச்சிட்டாள். வாய் மூடிக்கொண்டது. பல்வலிக்காரன் போல இருந்தான். இருதயம் வீங்கிப்போனவனுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். ஒரு வருடமாக அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்கினான். இன்று விடிகாலையிலும் அப்படியேதான் இருந்தான். அவள் சாயா போட்டு எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். சாயாவில் ஆடை கட்டும்வரை அவன் எடுக்கவில்லை. அப்போதுதான் தோளைத் தொட்டாள்.

உசிலம்பட்டிக்குத் தந்தி போய்விட்டது. அவனுடைய அண்ணன் ஒச்சப்பன் பஸ் மாறி வந்து சேர நாளைக் காலையாகும். அதுவரை உடம்பை வைத்திருக்க, மீன் கம்பெனிப் பக்கம் ஐஸுக்குச் சொல்லியிருந்தார்கள். மட்டாஞ்சேரியில் அந்த வரிசை வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. ஒற்றை அறை, ஒற்றைக் கதவு, ஓரம் அரித்த படி. வரிசையில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லாரும் இப்போது இந்த ஒரே அறைக்குள் இருந்தார்கள். காளியம்மை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவன் அண்ணன் முறை.

"மதினி, அழுதுருங்க மதினி," என்றாள் காளியம்மை, ஒப்பாரிக்கு நடுவே மூச்சு விட்டு. "உள்ளுக்குள்ள வச்சிருந்தா நெஞ்சு வெடிச்சுப்போகும். பாக்கறவுக என்ன நெனப்பாக?"

பேச்சி தலையாட்டினாள். அழுகை வராததற்கு அவள் என்ன செய்வாள்? அம்மா செத்தபோதும் வரவில்லை. பிள்ளை நிற்காமல் போன இரண்டு தடவையும் வரவில்லை. தொண்டைக்குக் கீழே ஏதோ வந்து நிற்கும், விழுங்கிவிடுவாள். கூடத்தில் வந்து நிற்கும் கடன்காரனைக் கொல்லை வழியாக அனுப்புவதுபோல அது அவளுக்குப் பழகியிருந்தது.

வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்து, ஜூ டவுனில் நல்லசிவத்தின் சுக்கு மண்டிக்குக் குவைத்திலிருந்து போன் வரும். ஒரு மாதமாக எதிர்பார்த்திருந்த போன். அந்த மண்டியில்தான் அவன் மூட்டை தூக்கினான். அவள் சுக்கு பொறுக்கினாள். இனி மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அவனை வேலூருக்குக் கொண்டுபோய் இருதயத்தை அறுத்துச் சரிபண்ணலாம் என்று சொன்ன பிறகுதான், அந்தச் செலவுக்காக அவள் குவைத்துக்கு ஆயாவாகப் போவதென்று ஆனது. எட்டு வருடம் அங்கே இருந்து ஒரு தங்கப் பல்லோடு திரும்பிவந்திருந்த கமலாக்ஷி, கடைசி வீட்டுக்காரி, தான் வேலை பார்த்த இடத்தில் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள்.

"வேலை கஷ்டமில்லடீ," என்றிருந்தாள் கமலாக்ஷி. "வீட்டுக்காரி பேரு உம் அஹ்மது, அஹ்மதோட அம்மைன்னு அர்த்தம். அவளுக்கு ஒரு மாமியார். கண்ணு காணாது. அந்தக் கிழவித் தள்ளைக்கு சப்தம் மாத்திரமே உள்ளூ. நீ பறயற வாக்கு அவளுக்குப் புரியணும். போன ஆயாவைத் திருப்பி விட்டது அதுக்காக்கும். அதனால போனில உன் நாக்கைத்தான் உம் அஹ்மது நோக்குவா."

நாக்கு இல்லை, தொண்டை. அரபியில் தொண்டைக்கென்றே சில எழுத்துகள் இருந்தன. காறுகிற எழுத்து ஒன்று. அது முதல் நாளே வந்துவிட்டது. "காறித் துப்பறதுக்கு அரபிக்காரன்கிட்டப் படிக்கணுமாக்கும்?" என்று சுவரோரமிருந்து அவன் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு இரைக்கும்.

அடுத்தது ஹ. நம்முடைய ஹ இல்லை. அதற்கும் கீழே, நெஞ்சு தொடங்குகிற இடத்திலிருந்து சூடாக வருகிற ஹ. பாலுக்கு, இறைச்சிக்கு, அந்த வீட்டுப் பிள்ளை அஹ்மதின் பெயருக்கு எல்லாம் அது வேண்டும். விளக்குச் சிம்னியைத் துடைக்கும்போது உள்ளே வாயை வைத்து ஊதுவாயே, அதுபோல் என்றாள் கமலாக்ஷி. ஊதிப் பார்த்தார்கள். சிம்னியில் ஆவி பூத்தது, எழுத்து வரவில்லை.

"எம் மூச்சைக் கேளு," என்றான் அவன் அன்று ராத்திரி. "மாடிப்படி ஏறினவன் மாதிரி விடறேன்ல. கமலாக்ஷி சொல்றது இதுதான்." அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஹ என்று விட, இவளும் விட்டாள். நாலைந்து நாளில் வந்துவிட்டது. தெரு விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு பேரும் நாய்கள்போல மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை நினைத்து அவள் பிறகு மண்டியில் தனியாகச் சிரித்தாள்.

வராதது மூன்றாவது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அழுகை அ. சோற்றைக் குறிக்கும் சொல் அதில்தான் தொடங்கும். ஆமாம் என்று சொல்வதற்கும் நடுவில் அது வந்தாக வேண்டும். "கரச்சில் வரும்போ தொண்டையில ஒரு முறுக்கு வருமில்லே? அவிடத்தை ஒண்ணு பிடிச்சுவிடு," என்றாள் கமலாக்ஷி.

"அவ அழுது யார் பாத்தது?" என்றான் அவன்.

இதைவிடப் பெரிய தகராறு ஒன்று இருந்தது. உம் அஹ்மது கட்டாயம் கேட்பாள் என்று கமலாக்ஷி சில கேள்விகளைப் பழக்கினாள். உன் பேர் என்ன? சமைப்பாயா? உன் புருஷன் பேர் என்ன?

"சித்திரையில வைகையில எறங்குற சாமி பேரு," என்றாள் பேச்சி.

அவன் இரைக்க இரைக்கச் சிரித்தான். "அரபிக்காரிக்கு வைகை எங்க தெரியும்? குதிரை மேல வருவாரே, அவருன்னு சொல்லு. அவ அவளோட புருஷனைத்தான் நெனச்சுக்குவா."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் காளியம்மை சொல்வாள். தர்மாஸ்பத்திரிச் சீட்டுக்கு அவனே சொல்வான். சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லியிருந்தாள். நம்பினாளா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. நம்பாமல் போய்ச் சொல்லிப் பார்க்கிற காரியமா அது?

"நீ சொல்லாட்டி வேலை போகும்டி."

"போகட்டும்."

இப்போது கமலாக்ஷி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உடம்பையே பார்த்துவிட்டு, பிறகு பேச்சியைப் பார்த்தாள். கையால் ஒன்றும் காட்டவில்லை. மண்டிக்குத் தானே போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டு வருவதாக அவள் முகத்தில் இருந்தது. சொன்னால் உம் அஹ்மது வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். அங்கமாலியிலிருந்து ஒருத்தி காத்திருந்தாள்.

பேச்சி அவன் பாதத்தைச் சேர்த்து வைத்தாள். இனி வேலூர் இல்லை. அப்படியானால் குவைத்தும் இல்லை, அதுதான் கணக்கு. நாளைக் காலையில் ஒச்சப்பன் வருவார். பதினாறு கழிந்ததும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டச் சொல்வார். நல்ல மனுஷர்தான். அவர் வீட்டு நெற்குலுக்கைக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற இடம் இருந்தது. போன பொங்கலுக்கு அங்கே படுத்தபோது, புருஷனை இழந்த அவருடைய சின்னம்மா முன்பு அங்கேதான் படுத்திருந்தாள் என்று யாரோ சாதாரணமாகச் சொன்னார்கள். சுவரில் தலை படுகிற இடத்தில் எண்ணெய்க்கறை வட்டமாக இருந்தது.

அவள் எழுந்தாள்.

"எங்க மதினி?" காளியம்மையின் ஒப்பாரி நின்றது.

"வந்துர்றேன்."

"பொணத்தைப் போட்டுட்டா? தெருவுல எறங்குவீகளா? மதினி!"

"நீ அவுக பக்கத்துல இரு தாயி. ஈ உக்காராம பாத்துக்க."

வெயிலில் சுக்கும் மிளகும் கலந்த வாசனை தெருவெல்லாம் நின்றது. கமலாக்ஷி பின்னால் ஓடிவந்தாள். "எடீ, நினக்கு ப்ராந்தோ, பைத்தியமோ? ஞானே போயி பறயறேன்..." பேச்சி நிற்காமல் நடந்தாள். செருப்புப் போடாமல் வந்துவிட்டது பாதி வழியில்தான் தெரிந்தது.

நல்லசிவம் அவளைக் கண்டதும் கல்லாவிலிருந்து எழுந்தார். ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தவர், அவள் போனையே பார்ப்பதைக் கண்டு, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். சுக்கு பொறுக்குகிற பெண்கள் முறத்தை மடியில் வைத்தபடி பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி மூக்கின் மேல் விரல் வைத்தாள். பேச்சி நாற்காலியில் உட்காரவில்லை.

மணி அடித்தது. கமலாக்ஷி முதலில் எடுத்து, சலாம் சொல்லி, உடனே அவளிடம் கொடுத்தாள். செத்ததைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கடல் இரைச்சல்போல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல், அவள் நினைத்திருந்ததைவிட இளமையாக.

பெயர் கேட்டாள். சொன்னாள். சோறு சமைப்பாயா என்றாள். "நஅம்," என்றாள் பேச்சி. ஆமாம்; நடுவில் அந்த அழுகை அ. கமலாக்ஷி சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்தாள். எதற்குப் பிடிக்கிறாள் என்று பேச்சிக்கு விளங்கவில்லை. தொண்டையில் எங்கேயோ ஒரு முறுக்கு விழுந்து, அவிழாமல் நின்றது மட்டும் தெரிந்தது.

புருஷன் என்ன செய்கிறான் என்றாள் உம் அஹ்மது.

உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கிறான் என்பதற்கு மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் வாய்வரை வந்தது. அது இப்போது பொய்.

"மாத்," என்றாள். செத்துப்போனான்.

இரைச்சல். பிறகு, "மித்தா?" எப்போது?

"இல்யோம்." இன்றைக்கு.

காலையிலிருந்து அவள் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. காளியம்மை பார்த்து அலறினாள். அலறலில் எல்லாருக்கும் தெரிந்தது. தந்தியை யாரோ எழுதினார்கள். இப்போது அவள் சொன்னது இரண்டே இரண்டு வார்த்தை. அவற்றில் தொண்டை எழுத்து ஒன்றுகூட இல்லை, எந்தக் குழந்தையும் சொல்லிவிடலாம்.

போன் அறுந்துவிட்டதோ என்று கமலாக்ஷி காதை ஒட்டிக்கொண்டு வந்தாள். பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"ஷிஸ்மா?"

அவன் பேர் என்ன?

கமலாக்ஷி போனை வாங்கக் கை நீட்டினாள். தான் சொல்லிவிடலாம் என்று. பேச்சி உடம்பைத் திருப்பிக்கொண்டாள்.

"அழகர்."

"அலகர்?"

"லா." இல்லை. "அழகர்."

"அரகர்."

"லா, லா." நாக்கை உள்பக்கமாக மடிக்க வேண்டும், மேலே ஒட்டக் கூடாது, இதை அரபியில் சொல்ல அவளுக்கு வழியில்லை. மறுபடி சொல்லிக் காட்டினாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல, ஒவ்வோர் எழுத்தாக. "அ, ழ, கர். அழகர்." அந்தப் பக்கம் ஒருத்தி கடலுக்கு அப்பால் நாக்கை மடித்துப் பார்த்துத் தோற்றாள். மறுபடி பார்த்தாள். பேச்சி சலிக்கவில்லை. அழகர். அழகர். முறத்துப் பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வாசலில் நல்லசிவம் முதுகைக் காட்டியபடி நின்றார்.

"அழகர்," என்றாள் உம் அஹ்மது கடைசியில். ஏறக்குறைய சரியாகவே வந்தது. தொடர்ந்து ஏதோ பிரார்த்தனை சொன்னாள். அதன் நடுவில் ஒரு ஹ இருந்தது. நெஞ்சிலிருந்து சூடாக வருகிற ஹ. பேச்சி கண்ணை மூடிக்கொண்டு போனைக் கமலாக்ஷியிடம் கொடுத்துவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது பாலம் இறக்கத்தில் கமலாக்ஷி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வரச் சொன்னாடீ," என்றாள். "உடனே இல்ல. புருஷன் மரிச்சா நாலு மாசமும் பத்து நாளும் வீட்டில இரிக்கணும், அது கழிஞ்சு வா, அதுவரைக்கும் காத்திருக்கறேன்னு பறஞ்ஞா."

பேச்சி யோசித்தாள். "நமக்குப் பதினாறுதானே சேச்சி?"

"அது ஞான் அவகிட்டப் பறஞ்ஞில்ல." தங்கப் பல் தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள் கமலாக்ஷி.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒப்பாரி ஒரு கட்டை ஏறியது. அவளுக்காகத்தான் என்று தெரிந்தது. அவள் உட்கார்ந்து பார்த்தாள். தாடைக்கட்டு நெகிழ்ந்து, அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. திருத்திச் சொல்லப்போகிறவன்போல. முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். இந்த முறை அதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அவ்வளவு அவசரமா என்ன போனு?" என்றாள் காளியம்மை, மூக்கைச் சிந்திக்கொண்டு. "ஒச்சப்பன் அண்ணே கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"நானே சொல்லிக்கறேன் தாயி."

வெளியே கைவண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. ஐஸ்காரன், சாக்கும் உமியும் மூடிய பாளத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கதவு என்று தெரியாமல் வரிசையை மேலும் கீழும் பார்த்துக் கூவினான். "ஐஸ் பறஞ்ஞது எவிடெயா? ஆருடெ வீடா?"

காளியம்மை வழக்கம்போலப் பதில் சொல்லத் தலையைத் தூக்கினாள். அதற்குள் பேச்சி வாசலுக்குப் போயிருந்தாள்.

"அழகர் வீடு," என்றாள். "இங்கதான். எறக்குங்க."

உள்ளே ஒப்பாரி அறுந்தது. ஐஸ்காரனும் இன்னொருவனும் பாளத்தைத் தூக்கிவந்து அவனைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்கள். உமி தரையெல்லாம் சிந்தியது. ஐஸிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து அவன் கைக்குப் பக்கத்தில் கலைந்தது.

தலைமாட்டில் விளக்கு வைக்க வேண்டுமே என்று கிழவி ஒருத்தி மெல்லச் சொன்னாள். பேச்சி மாடத்திலிருந்து விளக்கை எடுத்தாள். சிம்னி முழுக்கக் கரி. கழற்றி, வாயருகே கொண்டுபோய் ஊதினாள். கண்ணாடி பூத்தது. துடைக்கத் துணி தேடினாள். வேட்டிக் கிழிசலில் மிஞ்சிய துண்டு இடுப்பிலேயே இருந்தது. அதைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைத்துவிட்டு, மறுபடி ஊதினாள்.