பெக்கோக் சாலையில் கவிழ்ந்த லாரி

கோர்ட்டில் புஷ்பவள்ளி பொய் சொன்னாள்.

"தூறலுங்க. ரோடு வழுக்கிருச்சு. டிரைவர் மேல தப்பில்லைங்க."

முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டிருந்த வலது காலின் மிச்சத்தைச் சேலை மறைத்திருந்தது. கூண்டில் நின்ற டிரைவர் வீரமுத்து தலைகுனிந்தான். ரப்பர் தோட்டத்து லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெக்கோக் சந்தையிலிருந்து திரும்பிய அன்று, வயிறு முட்டக் கள் குடித்திருந்தான். வளைவில் கண் சொருகியது. லாரி பள்ளத்தில் கவிழ்ந்து, அதில் வந்த புஷ்பவள்ளியின் காலை நசுக்கியது.

அவனை விட்டுவிட்டார்கள். நன்றி சொல்ல அவள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"உனக்காகச் சொல்லல," என்றாள் புஷ்பவள்ளி. "உன் பொண்டாட்டி தனலெட்சுமி என் மடியில விழுந்து அழுதா. அவளுக்காகத்தான்."

அதன்பின் அவன் லாரியைத் தொடவில்லை. கண் சரியில்லை என்று சொல்லிப் புல்வெட்டும் வேலைக்குப் போனான். குடியை மட்டும் விட முடியவில்லை. குடித்தால், அன்று லாரிக்கடியில் புஷ்பவள்ளி போட்ட அலறல் காதில் கொஞ்சம் அடங்கியது. தெளிந்ததும் இரண்டு மடங்காகக் கேட்டது.

ஒரு சம்பள நாள் மாலை, கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வந்தான் புது டிரைவர் மனோகரன். லாரி நிறைய ஆட்கள்; முன்சீட்டில், ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி சதாசிவம். கள்ளுக்கடைக்குள் போகவிருந்த வீரமுத்து திரும்பி வந்து லாரிக்கு முன்னால் நின்றான்.

"நவுருண்ணே. நானென்ன உன்ன மாதிரி கவுத்தா விடப்போறேன்? உனக்கு அன்னிக்கு மழையிலதானே வழுக்குச்சு?"

"மழை இல்ல. நான் குடிச்சிருந்தேன். குடிச்சிட்டுத்தான் புஷ்பவள்ளி காலை எடுத்தேன்."

லாரியிலிருந்து ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்களும் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள்.

கங்காணி கடைசியாக இறங்கினார். "மேனேஜர் தொரை கேட்டா நான் மறைக்க முடியாது, வீரமுத்து."

"நானே போலீஸ்ல சொல்லிடறேன் கங்காணி."

கேஸ் மறுபடி எடுக்கப்பட்டது. லைசென்ஸ் போனது. ஜெயிலும் கிடைத்தது. முதல் வாரம் கள் இல்லாமல் உடம்பு உதறியது, அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். பிறகு ஒருநாள் தனலெட்சுமி பார்க்க வந்தாள்.

"தோட்டத்துல வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"இப்ப எங்க இருக்கே?"

"புஷ்பவள்ளியக்கா வீட்டுல. அவங்கதான் வந்து கூட்டிட்டுப் போனாங்க."

அவள் கிளம்பும்வரை வீரமுத்துவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.