இருபத்து மூன்று வயது

ஜனவரியில் வைஷாலி சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிக் கொடுத்த செருப்பு ஜூன் மாதத்திலேயே பணிப்பெண் ரஞ்சிதத்துக்குப் பத்தாமல் போனது. குதிகால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இருபத்து மூணு வயசுல கால் வளருமா ரஞ்சிதம்?" வைஷாலி சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ரஞ்சிதம் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவள். வைஷாலியின் மாமனார் மருதப்பன் பக்கவாதத்தில் படுத்ததும், அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜெண்ட் மூலமாக ஆங் மோ கியோ வட்டாரத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தாள். வேறு யார் கஞ்சி ஊட்டினாலும் கிழவர் வாய் திறக்கமாட்டார்.

அன்று சாயங்காலம் வைஷாலியின் மகள் ரக்ஷனா மெதுவாகச் சொன்னாள். "அம்மா, என் மேத்ஸ் புக்ல ரஞ்சிதம் அக்கா ஒரு கணக்கு போட்டு வச்சிருக்காங்க. கரெக்ட் லா. போன வருஷம் ஸ்கூல்ல போட்டதுன்னு வாய் தவறிச் சொல்லிட்டாங்க. எனக்குப் பதினஞ்சு. அவங்களும் என் வயசுதான்னு தோணுது."

வைஷாலி வேலை அனுமதி அட்டையை எடுத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று என்றுதான் இருந்தது; அதற்குக் குறைந்த வயதில் வீட்டு வேலைக்கு வரச் சட்டம் விடாது. மூன்று நாள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இவள் போய்விட்டால் மாமாவை யார் தூக்கி உட்கார வைப்பது? தண்டனை நம் தலையில் விழுந்தால்? தானாகவே இந்தச் சந்தேகம் மறைந்துவிடாதா என்றுகூட நினைத்தாள். நான்காம் நாள் காலை, அந்த மெல்லிய கைகள் மாமனாரின் முழுப் பாரத்தையும் தாங்கிப் புரட்டுவதைப் பார்த்தபடி வாசலில் நின்றாள். பிறகு மனிதவள அமைச்சுக்கு போன் போட்டாள்.

மறுநாள் வந்த அதிகாரியின் பெயர் ஹலீமா. பையைக் கீழே வைத்துவிட்டு ரஞ்சிதத்தைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தனியா பேசலாமாம்மா?"

"மேடமும் இருக்கட்டும்."

"சரி. உங்க வயசு?"

"இருபத்து மூணு. ரெண்டாயிரத்து ஒண்ணு நவம்பர் ஒம்பது." மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் வந்தது. ஹலீமா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"ஸ்கூல்ல எது பிடிக்கும்?"

"கணக்கு."

"ஓ.எல். பரீட்சை எழுதினீங்களா?"

"இல்ல, இந்த டிசம்பர்லதான் எழுத..." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இலங்கையில் பதினாறு வயதில் எழுதும் பரீட்சை அது.

ஹலீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைக் குத்தம் சொல்ல நான் வரல. பொய்யா பேப்பர் செஞ்சு உங்களை இங்க அனுப்பினவங்களைத்தான் தேடுறேன்."

"என் பேரு சுஷ்மிதா," என்றாள் அவள். "பதினாறு வயசு. ரஞ்சிதம் எங்க அக்கா. அவ வர இருந்தா, ஆனா மாசமாயிட்டா. ஏஜெண்ட் அவ பேப்பர்லயே என்னை அனுப்பிட்டாரு. அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அதையும் நான் விசாரிக்கிறேன். ஆகும், ஆகாதுன்னு இப்போ சொன்னா அது பொய்யாயிடும்."

அந்த நேர்மைதான் அவளை உடைத்தது. வைஷாலியின் தோளில் சாய்ந்து அழுதாள். "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்மா," என்று வைஷாலி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றே அவளைக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். கிளம்பும்போது மருதப்பன் நடுங்கும் இடது கையை உயர்த்தினார். அவள் குனிந்தாள், உச்சந்தலையில் அந்தக் கை கொஞ்ச நேரம் கிடந்தது.

இரண்டு மாதத்தில் ஏஜெண்டின் உரிமம் போனது. நீதிமன்றத்தில் வழக்கும் பதிவானது. அக்காமீது குற்றமில்லை என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. வைஷாலிமேல் நடவடிக்கை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று நாளை அவளால் மறக்க முடியவில்லை. மாமனாரைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்துவிட்டு, வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டாள். கஞ்சியை இப்போது ரக்ஷனா ஊட்டுகிறாள், பாதியாவது இறங்குகிறது.

சாட்சி சொல்லி முடித்த சுஷ்மிதா அடுத்த வாரம் ஊருக்குப் போகிறாள். ஊர்ப் பள்ளியில் மறுபடியும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வழியனுப்ப ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் காப்பகத்துக்குப் போனார்கள். மணி பத்தாகியிருந்தது.

"இன்னும் தூங்குறா," என்றார் காப்பாளர். "எழுப்பட்டுமா?"

"வேணாம்," என்றாள் வைஷாலி. "எங்க வீட்ல அஞ்சு மணிக்கே எழுந்துக்குவா. நல்லா தூங்கட்டும். நாங்க காத்திருக்கோம்."