சரசு சுற்றிய அரசமரம்

“அப்பா, சரசு அத்தை மட்டும் ஏன் நாகக் கல்லைச் சுத்துறாங்க? மாமா ஏன் சுத்தறதில்ல?”

மாதா கோயில் பூசைக்குப் போகும் வழியில் ஐந்து வயது மகள் பெட்டி கேட்டாள். பதில் தனக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயத்தில் ஓஸ்வால்ட் நடையை எட்டிப் போட்டான்.

மர்பி டவுனில் ஒரு டாக்டரிடம் அவன் கம்பவுண்டர். பக்கத்து வீட்டுப் பச்சைமுத்து குஸ்திக் கூடமே கதியென்று கிடப்பவன். இரண்டு வருடத்துக்கு முன், “உடம்பு ஏறணும் மச்சான், ஏதாவது ஊசி போடு” என்று வந்து நின்றான். டாக்டரைக் கேட்காமலே வாரம் ஒரு ஆண் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்தான் ஓஸ்வால்ட். தோள் புடைத்தது, மார்பு விரிந்தது. எல்லாரும் ‘பைல்வான்’ என்றபோது ஊசி போட்டவனுக்கும் பெருமைதான்.

குழந்தை மட்டும் உண்டாகவில்லை. பழி மனைவி சரசுவின் தலையில் விழுந்தது. திங்கட்கிழமைதோறும் பட்டினியோடு, ஈரப்புடவையில், அரசமரத்தடி நாகங்களை நூற்றெட்டு முறை சுற்றவைத்தாள் மாமியார் லட்சுமம்மா. முப்பது திங்கட்கிழமை ஆகிவிட்டது. இப்போது மகனுக்குச் சந்தாபுராவில் வேறு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

ஓஸ்வால்ட் டைபாயிடில் கிடந்தபோது மூன்று வாரம் தினமும் கஞ்சி கொண்டுவந்தவள் அந்தச் சரசு.

மறுநாள் டாக்டரிடம், யாருக்காகவோ கேட்பதுபோல் அந்த ஊசியைப் பற்றிக் கேட்டான்.

“உடம்பு வளரவும் விந்து உண்டாகவும் மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பிதான்யா உத்தரவு போடுது” என்றார் அவர். “வெளியிலேர்ந்து ஹார்மோன் ஏத்தினா, ‘நெறைய இருக்கே’ன்னு அது சும்மா இருந்துடும். ஆள் எருமை மாதிரி இருப்பான், விந்துல உயிரணு இருக்காது. நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வரும், ஒரு வருஷம்கூட ஆகலாம். யாரு போட்டது?”

“நான்தான் சார்.”

டாக்டர் வாசலைக் காட்டினார். “போ. முதல்ல அவன்கிட்ட சொல்லு.”

பச்சைமுத்து குஸ்திக் கூடத்து வாசலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். குழந்தை இல்லாததற்குச் சரசு காரணமில்லை என்றான் ஓஸ்வால்ட்.

“இந்த மார்பைப் பார்த்துட்டு சொல்லுடா. நானா காரணம்?”

“நீ இல்ல மச்சான். நான் போட்ட ஊசி.”

அறை விழுந்தது. ஓஸ்வால்ட் கன்னத்தைத் தடவவில்லை. “வேணும்னா இன்னும் ரெண்டு அடிச்சுக்கோ. ஆனா சந்தாபுரா பேச்சை நிறுத்திடு. சரசு தங்கச்சி மேல ஒரு குத்தமும் இல்ல.”

டாக்டரின் மைக்ராஸ்கோப்பில் தன் விந்தைப் பச்சைமுத்துவே குனிந்து பார்த்தான். எதுவும் நெளியவில்லை. அன்று சாயங்காலம் தாயின் முன் உட்கார்ந்து, “குறை என்கிட்டம்மா” என்றான். லட்சுமம்மா எழுந்து, மருமகளுக்குத் தட்டில் சோறு போட்டாள். சரசுவை அதன்பின் யாரும் மரத்தடிக்கு அனுப்பவில்லை.

ஊசி நின்றது. “பைல்வான், காத்து எறங்கிடுச்சா?” என்ற கேலியையெல்லாம் பச்சைமுத்து தாங்கிக்கொண்டான். பதினாலாம் மாதம் சரசு முழுகாமல் இருந்தாள்.

பட்டினி இருந்தது அவள், தவறு செய்தவனோ தான் என்ற எண்ணம் மட்டும் ஓஸ்வால்டை விடவில்லை. அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மத்தியானம் கிளினிக் பூட்டியிருக்கும் நேரத்தில், சாப்பிடாமல் அரசமரத்தடிக்குக் கிளம்பினான்.

முப்பதாவது, கடைசித் திங்கட்கிழமை நல்ல மழை. மரத்தடியில் ஒரு ஈ காக்கை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைக்குள் சிலுவை நனைய, நாகங்களைச் சுற்ற ஆரம்பித்தான். நூற்றெட்டு முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, கிளினிக்கைத் திறக்கப் போனான்.