அம்பு ஒட்டிய மஞ்சள் டீ-சர்ட்

சசிகுமார் எடுத்த படத்தைப் பார்க்க எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனால் அவன் அப்பா பொங்கியண்ணன், தன் பனியன் கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு டிக்கெட் கொடுத்து, ஞாயிறு மதியக் காட்சிக்குக் குடும்பத்தோடு வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். மகனின் முதல் படம். தியேட்டர் காலியாகக் கிடந்தால் முதலாளியின் மானம் போய்விடுமாம். என் வீட்டுக்காரர் ராஜபாண்டி இன்னும் அங்கேதான் ஓவர்லாக் தைக்கிறார். நான் வராவிட்டால் திங்கட்கிழமை அவரைக் குடைந்து எடுப்பார்கள். அதனால் போனேன்.

என் மானம் போன கதை வேறு. எட்டு மாதத்துக்கு முன்பு வரை நானும் அருள்புரத்தில் அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள்தான். துணியில் எண்ணெய்க்கறையோ ஓட்டையோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பு எங்கே பார்க்கிறதோ அங்கே பழுது. பனியன் வேலை பார்க்கும் யாருக்கும் இது தெரியும். சரிசெய்த பிறகு அம்பைப் பிய்த்துவிட்டுத்தான் பீஸ் பெட்டிக்குப் போகும்.

அப்படி அம்பு ஒட்டி நான் தனியே எடுத்து வைத்த முப்பத்தாறு டீ-சர்ட்டுகள் ஒரு நாள் பெட்டியோடு காணாமல் போயின. மஞ்சள் நிறம், நெஞ்சில் சைக்கிள் ஓட்டும் ஆந்தை. பெட்டி என் பொறுப்பு. பொங்கியண்ணன் கம்பெனி மைக்கைப் பிடித்தார். “செக்கிங் அனுசுயாவுக்குக் கை சுத்தமில்லீங்க. இனி இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்த்தாதுங்க” என்று இருநூறு பேர் காதில் விழச் சொன்னார். ஊருக்குப் போட்ட ‘ங்க’ மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நின்று என்னோடு இரண்டு வருடம் பீஸ் பார்த்த பாண்டியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை நான் மறக்கவே மாட்டேன்.

கேட்டில் என் கைப்பையைத் தரையில் கொட்டிப் பார்த்தார்கள். உள்துணிக் கிழிசலுக்குள் போயிருந்த அரை ரோல் அம்பு ஸ்டிக்கர் அவர்கள் கண்ணில் படவில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து என்னோடு வந்தது அது ஒன்றுதான். அதன்பிறகு வீட்டில் உட்கார்ந்து, தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டுகிறேன். கொடியில் துணி காயும்போது நான் நடந்து போனால், பக்கத்து வீட்டு ஜெயசுதா வெளியே வந்து எண்ணிக்கொள்கிறாள்.

படத்துக்கு வருகிறேன். திருட்டை வைத்து எடுத்த சிரிப்புப் படமாம். அனுப்பர்பாளையத்தில் பித்தளை அண்டா திருடுகிறவன் ஒரு கதை. கல்யாணத்தன்று கடத்தப்படும் மாப்பிள்ளை இன்னொன்று. அவனைத் தேடும் அரைவேக்காட்டு ரவுடிகள் மூன்றாவது. மூன்றையும் சேர்ப்பது கைமாறிக்கொண்டே போகும் ஒரு திருட்டுத் துணி மூட்டை. கேட்டில் ஒரு பெண்ணின் பையைக் கொட்டும் காட்சிகூட வைத்திருந்தான், பாவி. தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. நான் மடியிலிருந்த அதே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூட்டையைப் பிரித்தார்கள். மஞ்சள். ஆந்தை. சைக்கிள்.

அந்த டிசைனில் ஆயிரக்கணக்கில் ஓடியது, பேசாமல் இரு என்று ராஜபாண்டி என் கையைப் பிடித்தார். அப்போது ரவுடித் தலைவனின் நெஞ்சைத் திரை முழுக்கக் காட்டினார்கள். ஆந்தையின் சக்கரத்துக்குக் கீழே எண்ணெய்க்கறை. அதைப் பார்த்தபடி ஒரு சிவப்பு அம்பு.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பனியன்காரர்கள். செக்கிங் முடியாத பீஸைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று யாரோ சொல்ல, முன்னைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. சசிகுமார் ஒரு நாளாவது டேபிளில் நின்றிருந்தால் அதைப் பிய்த்து எறிந்திருப்பான். முதலாளி மகன், அம்பும் டிசைன்தான் என்று நினைத்திருக்கிறான். அம்போடு வெளியே போனது என் பெட்டி ஒன்றுதான். ராஜபாண்டி என் கையை விட்டுவிட்டார்.

படம் முடிந்ததும் தியேட்டர் வாசலில் மைக், கேமரா. வெள்ளைச் சட்டையில் நின்ற பொங்கியண்ணனிடம் நேராகப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் குரலைத் தாழ்த்தினார். ஆறு மாதத்துக்கு முன்பு ஷூட்டிங் முடிந்ததுமே, பெட்டியை எடுத்தது தான்தான் என்று பையன் சொல்லிவிட்டானாம். ஆக, இத்தனை நாளும் அவருக்குத் தெரியும்.

“ஊட்டுப் பையன் ஊட்டுச் சரக்கை எடுத்தா அது திருட்டா அம்மிணி? நாளைக்கே டேபிளுக்கு வந்துரு. பழசைக் கிளறாதே.”

“மைக்ல சொல்லித்தான மொதலாளி வெரட்டுனீங்க. அந்தா மைக் இருக்கு. அதுலயே சொல்லுங்க.”

“நல்ல நாள் அதுவுமா என்ற மொகத்துல கரியைப் பூசப் பாக்கறயா? போ அங்கட்டு.”

திரும்பி யாருக்கோ கும்பிடு போட்டார். நான் பையின் கிழிசலுக்குள் கையை விட்டு ஒரு ஸ்டிக்கரை உரித்தேன். அவர் தோளில் கிடந்த சால்வை சரிந்திருந்தது. அதை இழுத்துச் சரிசெய்வதுபோல், அவர் நெஞ்சில் அம்பை ஒட்டினேன். முனை மேலே, முகத்தைப் பார்க்கும்படி. எட்டு மாதத்தில் கைப்பழக்கம் விட்டுப்போகவில்லை.

அவர் அப்படியே மைக் முன்னால் போய் நின்று, நேர்மையான உழைப்பு பற்றிப் பேச ஆரம்பித்தார். முதலில் டெய்லர்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு கட்டிங் பக்கம். படத்தைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

கூட்டத்திலிருந்து பாண்டியம்மாள் முன்னால் வந்தாள். முதலாளியின் சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்த முறை தலையைக் குனியவில்லை.

“அனுசுயா, பழுது பீஸு முப்பத்தாறு இல்ல,” என்றாள், இருநூறு பேர் காதிலும் விழும்படி. “முப்பத்தேழு.”

அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.