எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?

பிஸ்கட் ஃபேக்டரியில் அவருக்கு ‘டிரில் மாஸ்டர்’ என்று பெயர். பாதுகாப்பு அதிகாரி என்ற உத்தியோகப் பெயரை அங்கே யாரும் சீண்டுவதில்லை. பன்னிரண்டு வருஷமாக மாதம் ஒருநாள் மணியடித்து, நானூறு பேரையும் வெயிலில் நிற்கவைத்து, ஆம்புலன்ஸை எப்படிக் கூப்பிடுவது என்று தொண்டை கிழியக் கத்துகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? “முதல்ல இடத்தைச் சொல்லு. அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லு. அவங்க வைக்கிற வரைக்கும் நீ போனை வைக்காதே!” பேக்கிங் பெண்கள் இதை ராகம் போட்டுச் சொல்லி அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்தாலும் ஒவ்வொருத்திக்கும் மனப்பாடம். வீட்டு முகவரி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டையும் கொடுத்திருந்தார். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் மட்டும் அந்த அட்டை கிடையாது. எனக்கே பாடமா என்கிற மிதப்பு, வேறென்ன?

அன்று காலை ஏழரை மணிக்கு மனைவி டீ கொண்டுவந்தாள். கொடுக்கும்போதே டம்ளர் வலது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. “ஏங்க, கை...” என்று ஆரம்பித்தாள். மீதி வார்த்தைகள் வாய்க்குள் கல்லைப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி குழறின. உதட்டின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது.

அவருக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அந்த ஃபேக்டரிச் சுவரே சிரிக்கும். பக்கவாதத்தின் அடையாளம் கோணிய வாய், தளர்ந்த கை, குழறிய பேச்சு என்று மூன்று படம் வரைந்து அங்கே மாட்டிவைத்தவரே அவர்தான். ஆனால் அன்றைக்குத்தான் வருஷாந்திரப் பெரிய டிரில். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள். எட்டரைக்கு இவர் பேசவேண்டும். சரியாகத் தூங்கியிருக்கமாட்டாள், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். “கொஞ்சம் படு. பதினோரு மணிக்கெல்லாம் வந்துடறேன்” என்று அவளைக் கட்டிலில் சாய்த்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கட்டிய மனைவியை அந்த நிலையில் விட்டுவிட்டுப் போக இந்த மனுஷனுக்கு எப்படித்தான் கால் வந்ததோ!

டிரில் அமோகமாக நடந்தது. ஒவ்வொரு நிமிஷமும் உயிர் என்று அவர் சொன்னபோது தலைமை அலுவலகத்துக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். டீ, போட்டோ எல்லாம் முடிந்து வீடு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை.

சமையலறை வாசலில் அவள் கிடந்தாள். கண் திறந்திருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை. அவரைப் பார்த்ததும் “ஏ... ஏ...” என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

அவர் முதலில் கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? மச்சானை. மனைவியின் அண்ணன், லாரி ஷெட் வைத்திருப்பவர். அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் மச்சானுக்குத்தான் போன் போகும். “நான் வரேன் மாப்பிள்ளை, நீங்க முதல்ல ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!” என்று அவர் அலறிய பிறகுதான் இவருக்கு அந்த நம்பரே ஞாபகம் வந்தது.

“எங்கேருந்து பேசறீங்க?” என்று கேட்டாள் போனை எடுத்த பெண்.

“பிஸ்கட் ஃபேக்டரி, ரெண்டாவது கேட், பாய்லர் ரூம் பின்பக்கம்!”

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு டிரில்லிலும் சொன்ன முகவரி. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது, அவர் காதில்கூட விழவில்லை.

“சரி சார், வண்டி கிளம்புது. லைன்லயே இருங்க. யாருக்கு என்ன ஆச்சு? நினைவு இருக்கா? மூச்சு விடறாங்களா?”

“கேள்வியெல்லாம் அப்புறம் கேளும்மா! முதல்ல வண்டியை அனுப்பு!” என்று போனை வைத்தேவிட்டார். அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். இவரோ மச்சானோடு பேசிக்கொண்டிருந்தார்.

வண்டி பறந்துபோய் இரண்டாவது கேட்டில் நின்றது. டிரில் மாஸ்டர் பழக்கிய வாட்ச்மேன் அல்லவா, உடனே கேட்டை அகலத் திறந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, “டிரில் காலைலயே முடிஞ்சுபோச்சே சார்!” என்றானாம். அந்தக் குழப்பம் தீர்ந்து, அந்தப் பெண்ணுக்கு ஒருவழியாக இவர் லைன் கிடைத்து, வண்டி வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே கால்.

மச்சானும் அதற்குள் வந்துவிட்டிருந்தார். “என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?” என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார்.

“வெள்ளையா ஒண்ணு. சின்னதா.”

“பேரு?”

பேர் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு மனைவி விழுங்குகிற மாத்திரையின் பேர் தெரியவில்லை. மச்சான் சமையலறை டப்பாக்களையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. போகிற வழியில் ஃபேக்டரி கேட் கதையை ஆம்புலன்ஸ்காரர் மச்சானிடம் சொல்லிவிட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். கூசிப்போய்விட்டார் மனுஷன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?”

மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “பதினொன்றரை” என்றார் இவர். வந்து பார்த்த நேரத்தைத்தானே சொல்கிறோம், இதில் பொய் எங்கே இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடினான்.

“ஏ... ஏ...” என்றாள் மனைவி கட்டிலிலிருந்து. இடது கையால் கம்பியைத் தட்டினாள்.

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்க மாப்பிள்ளை, இந்த நிலைமையிலயும் ‘ஏங்க, ஏங்க’ன்னு உங்களைத்தான் கூப்பிடறா.”

அவள் அவரைக் கூப்பிடவில்லை. அவருக்கு அது தெரிந்துபோயிற்று. ‘ஏழு’ என்று சொல்லப் பார்க்கிறாள். ஏழரை.

ஸ்கேன் எடுத்து வந்ததும் டாக்டரம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். “மூளையில ரத்தக்கட்டு. பதினொன்றரைக்கு ஆரம்பிச்சதுன்னா கட்டைக் கரைக்க ஊசி போடலாம், நேரம் இருக்கு. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா அதே ஊசி உள்ளே ரத்தக்கசிவு உண்டாக்கிடும், உயிருக்கே ஆபத்து. அதனாலதான் கடைசியா ஒரு தடவை கேட்கறேன். பதினொன்றரைதானே?”

நர்ஸ் ஊசியோடு தயாராக நின்றாள். காகிதத்தில் 11.30 என்று எழுதியிருந்தது. அதன் கீழே இவர் கையெழுத்துப் போட வேண்டிய கோடு. பேனாவைக் கோட்டின் மேல் வைத்தார். “ஏ...” என்றாள் அவள் மறுபடியும். இந்தத் தடவை குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

“ஏழரை” என்றார் அவர்.

“என்ன?”

“காலைல ஏழரைக்கு. டம்ளர் கையிலேருந்து விழுந்துது. பேச்சு குழறிச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போனேன்.”

டாக்டரம்மா கையை உயர்த்தினார். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

“வாய் கோணியிருந்துதா?”

“கோணியிருந்துது.”

“அது என்னன்னு உங்களுக்குத் தெரியலையா?”

தெரியலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். மச்சானே, “பாவம், அவருக்கென்ன தெரியும்” என்று பரிந்து பேசியிருப்பார்.

“தெரியும்மா. அதைத்தான் ஃபேக்டரில பாடமா எடுக்கறேன். இன்னிக்குக் காலைலயும் அதைத்தான் எடுத்துட்டு வந்தேன்.”

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, “ஊசி வேண்டாம். ரத்தக்குழாய் வழியா கம்பி விட்டுக் கட்டை வெளியே இழுக்க முடியுதான்னு பார்க்கறோம். எவ்வளவு தூரம் தேறுவாங்கன்னு இப்போ சொல்ல முடியாது” என்று படபடவென்று ஆட்களைக் கூப்பிட்டார். கட்டிலை உருட்ட ஆரம்பித்தார்கள். “விவரம் சொல்ல வீட்டு ஆள் யாராவது ஒருத்தர் கூட வாங்க.”

அவர் எழுந்தார்.

“நீங்க உட்காருங்க மாப்பிள்ளை” என்றார் மச்சான். குரலில் கோபம்கூட இல்லை. “நான் போறேன். டாக்டர், இனிமே என்ன கேட்கணும்னாலும் என்கிட்டயே கேளுங்க.”

கட்டில் அவரைத் தாண்டிப் போனது. அவள் கண் திறந்துதான் இருந்தது. “நான் இங்கதான் இருக்கேன்” என்றார் அவர். அவள் ‘ஏ’ என்றுகூடச் சொல்லவில்லை.